முழங்காலால் ஏறும் தெரு

கிரேக்கத் தீவுகள் என்றதும் நம்மவர்களுக்கு சாந்தோரினியும் மிக்கோனோஸும்தான் நினைவுக்கு வரும். மிக்கோனோஸிலிருந்து வேகப்படகு ஏறினால் அரை மணி நேரத்தில் தினோஸ் வந்துவிடும். வெளிநாட்டுப் பயணிகள் பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். கிரேக்கர்களுக்கோ கதை வேறு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மகன் ராணுவத்துக்குப் போகிறான், கணவர் கப்பலில் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால், அவர்கள் வாயில் முதலில் வருவது இந்தத் தீவின் மாதா பெயர். பானாயியா எவங்கெலிஸ்த்ரியா. இயேசு பிறப்பார் என்று தேவதூதர் சொன்ன மங்கள வார்த்தை பெற்ற மாதா.

ஏதென்ஸுக்குக் கிழக்கே இருக்கும் ரஃபினா துறைமுகத்தில் கப்பல் ஏறினோம், நானும் அம்மாவும். ஜூன் மாதம், பெரிய திருவிழா எதுவும் இல்லாத நாட்கள். அப்படிப்பட்ட நாளாகத் தேடித்தான் பயணச்சீட்டு எடுத்தேன். கூட்டம் இருந்தால் கூட்டத்தைத்தான் பார்ப்போம், கோயிலைப் பார்க்க மாட்டோம் என்பது என் எண்ணம்.

துறைமுகத்தில் இறங்கினால் எதிரே இரண்டு தெருக்கள் மேலே ஏறுகின்றன. ஒன்று குறுகலானது, இருபுறமும் கடைகள். மற்றொன்று அகலமானது, நேராகப் போகிறது. அதன் உச்சியில், ஏறக்குறைய 800 மீட்டர் தூரத்தில், வெள்ளையும் மஞ்சளுமாகத் தேவாலயம். இந்த அகலத் தெருவின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, கீழிருந்து மேல்வரை ஒரு கம்பளப் பட்டை ஓடுகிறது. ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். வெயிலில் நிறம் வெளுத்து, அங்கங்கே தேய்ந்து கிடந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு நின்றார். "இது யாருக்குப்பா விரிச்சிருக்காங்க?"

"முட்டி போட்டுப் போறவங்களுக்கும்மா. கீழேருந்து கோயில் வரைக்கும் அப்படியே போவாங்களாம்."

அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சமயபுரத்துக்கும் போவார், வேளாங்கண்ணிக்கும் போவார். அங்கே பழைய மாதா குளம் வரை மணலில் முழங்காலால் போகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். "மணல்னா பரவாயில்லை. இது ஏத்தமா இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

உண்மையிலேயே கடுமையான ஏற்றம். நாங்கள் நடந்து ஏறவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கலாம். முழங்காலில் தடித்த உறை கட்டியிருந்தார், கைகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அவருடைய செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு, அவர் வேகத்துக்கே மெதுவாக நடந்தான். கார்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் காய்கறிப் பையோடு அவரைத் தாண்டிப் போனார். யாரும் நின்று பார்க்கவில்லை, யாரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஊரே இதோடு பழகியிருக்கிறது. எதிர்ப்பக்கம் இருந்து ஒரு சுற்றுலாப் பயணி கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோயிலை எடுங்கள், கடலை எடுங்கள். ஒருவர் தன் வேண்டுதலைத் தீர்க்கும் நேரத்தில் அவர் முகத்தை எடுக்காதீர்கள்.

இத்தனையும் நடக்கும் கோயில் பழங்காலத்தது என்று நினைத்துத்தான் நான் போனேன். அப்படியில்லை, அதன் வயது 200 ஆண்டுகள்தான்.

1821-ல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக கிரேக்கர்கள் எழுந்தார்கள். அடுத்த ஆண்டு, 1822 ஜூலையில், தினோஸின் மலைமேல் இருக்கும் கெக்ரோவூனி மடத்தில் பெலாயியா என்ற கன்னியாஸ்திரியின் கனவில் மாதா வந்தார். பெலாயியாவுக்கு அப்போது ஏறக்குறைய 70 வயது. ஊருக்கு வெளியே இன்னாருடைய வயலில் என் படம் புதைந்திருக்கிறது, தோண்டச் சொல் என்று ஒருமுறை அல்ல, மறுபடி மறுபடி வந்து சொன்னதாக வரலாறு. அவர் மடத்துத் தலைவியிடம் சொல்ல, விஷயம் ஆயர் கபிரியேலிடம் போனது. தோண்ட ஆரம்பித்தார்கள். பழைய பைசாந்தியத் தேவாலயம் ஒன்றின் இடிபாடு கிடைத்தது, ஒரு வறண்ட கிணறு கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. ஊக்கம் குறைந்து வேலை நின்றுபோனது. அப்புறம் தீவில் கொள்ளைநோய் வந்தது, அது மாதாவின் கோபம் என்று மக்கள் பயந்து மறுபடி மண்வெட்டியை எடுத்தார்கள். 1823 ஜனவரி 30 அன்று ஒரு தொழிலாளியின் மண்வெட்டி மரப்பலகை ஒன்றில் பட்டு அதை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் கபிரியேல் தூதர், மறுபாதியில் மாதா. மங்கள வார்த்தைக் காட்சி. நடுவில் பிளந்தும் இரண்டு உருவங்களுக்கும் சேதமில்லை.

நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதலைப் போர் தொடங்கிய நாளாக கிரேக்கர்கள் கொண்டாடுவது மார்ச் 25. மங்கள வார்த்தைத் திருநாளும் அதே மார்ச் 25. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே காட்சி வரைந்த படம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. புதிதாகப் பிறக்கப் போகும் ஒரு நாட்டுக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை என்ன இருக்க முடியும்? மக்கள் வந்து குவிந்தார்கள். போர் முடிவதற்குள்ளேயே கோயில் எழுந்துவிட்டது. பெலாயியா 1834-ல் காலமானார். 1970-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னால் பளிங்குப் படிகள். அதிலும் சிவப்புக் கம்பளம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் பளிங்குப் பீடத்தில் அந்தப் படம். மிகச் சின்னது. சின்னதுதான் என்று முன்பே தெரிந்திருந்தும் எனக்கு வியப்பாக இருந்தது. தங்கம், வைரம், முத்து என்று மக்கள் கொடுத்ததெல்லாம் மேலே மூடியிருப்பதால் ஓவியமே கண்ணுக்குத் தெரிவதில்லை. வரிசையில் வந்தவர்கள் குனிந்து கண்ணாடியில் முத்தமிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அம்மா அண்ணாந்து பார்த்தார், நானும் பார்த்தேன். மேலே நூற்றுக்கணக்கான வெள்ளி விளக்குகள் தொங்குகின்றன, ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஏதோ ஒன்று. கப்பல், தொட்டில், கை, கால், வீடு, மாடு. கிரேக்கத்தில் இந்தக் காணிக்கையை தாமா என்கிறார்கள். கண் நோய் தீர்ந்தால் கண்மலர் வாங்கிச் சாத்தும் ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது பிள்ளை வரம்… இது கால் சரியாகி இருக்கும்… இது மாடு கன்னு போட்டதுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனையும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அவருக்கும் புரியாதது இரண்டு இருந்தது. ஒன்று, ஒரு வெள்ளிக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீன். புயலில் ஒரு கப்பலின் அடிப்பலகையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறியதாம். மாலுமிகள் மாதாவைக் கூப்பிட்டபோது ஒரு பெரிய மீன் வந்து அந்த ஓட்டையில் சிக்கி அதை அடைத்துவிட்டது, கப்பல் கரை சேர்ந்தது. இன்னொன்று, வெள்ளியில் செய்த ஒரு ஆரஞ்சு மரம். கண் தெரியாத ஒருவர், எனக்குப் பார்வை வந்தால் முதலில் எதைப் பார்க்கிறேனோ அதை வெள்ளியில் செய்து தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பார்வை வந்தது, எதிரே ஒரு ஆரஞ்சு மரம் நின்றது. இந்தக் கதையை அம்மா திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிரான்சில் இருக்கும் மாதா யாத்திரைத் தலமான லூர்துவோடு ஒப்பிட்டு, தினோஸை கிரேக்கத்தின் லூர்து என்று பயண நூல்களில் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. லூர்து என்றதும் மனதில் வருவது குணமாகப் போகும் நோயாளிகள். தினோஸுக்கும் நோயோடு வருகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் முழங்காலால் ஏறுகிறவர்களில் பலர், கேட்டது கிடைத்த பிறகு வருகிறவர்கள். பிள்ளை பிழைத்துவிட்டான், அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, இனி சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அவர்களிடம் கெஞ்சல் இல்லை. நாங்கள் பார்த்த பெண்ணின் முகத்திலும் கெஞ்சலோ அழுகையோ இல்லை. தான் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்கிறவரின் முகம்.

கோயிலுக்கு அடியில், வளைவுக் கூரை கொண்ட நிலவறைகள் இருக்கின்றன. படம் கிடைத்த இடத்தில் சின்ன ஆலயம். முதலில் வறண்டு கிடந்த அந்தக் கிணற்றில் பிறகு தண்ணீர் ஊறியது என்பார்கள். அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அங்கிருந்து ஒரு சிட்டிகை மண்ணும் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவும் ஒரு போத்தல் பிடித்தார். கீழே கடைத்தெருவில் காலிப் போத்தல், மெழுகுவர்த்தி, தகட்டில் அடித்த கைகால்கள் எல்லாம் விற்கிறார்கள். சில மெழுகுவர்த்திகள் ஆள் உயரம். வேண்டிக்கொண்டவரின் உயரத்துக்கே வாங்குவதும் உண்டு. கோயிலில் அவற்றை ஏற்றிவைத்த கொஞ்ச நேரத்தில் ஊழியர்கள் அடுத்தவருக்கு இடம்விட்டு எடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "முழுசா எரிய விடலாமே" என்றார்.

அதே நிலவறைகளில் ஒன்றில் ஒரு போர்க்கப்பலின் நினைவிடம் இருக்கிறது. கோயிலுக்குள் போர்க்கப்பல் எப்படி வந்தது?

1940 ஆகஸ்ட் 15. மாதாவின் பெரிய திருநாள். துறைமுகம் முழுக்க யாத்திரிகர்கள். திருநாள் மரியாதைக்காக எல்லி என்ற கடற்படைக் கப்பல் வந்து கரைக்கு அருகே நங்கூரமிட்டு, கொடிகள் கட்டி நின்றது. காலை 8.25-க்கு, தண்ணீருக்கடியிலிருந்து வந்த ஒரு டார்பிடோ அதைத் தாக்கியது. மேலும் இரண்டு டார்பிடோக்கள் துறைமுகச் சுவரில் மோதின. பக்கத்தில் யாத்திரிகர் கப்பல்கள் நின்றிருந்தன. எல்லியில் 9 பேர் இறந்தார்கள், 24 பேர் காயமடைந்தார்கள். கப்பல் மூழ்கியது. கிரேக்கம் அப்போது எந்தப் போரிலும் இல்லை. சுட்டது லேரோஸ் தீவிலிருந்து வந்த டெல்ஃபினோ என்ற இத்தாலிய நீர்மூழ்கி. கிடைத்த துண்டுகளை வைத்து அது இத்தாலியுடையது என்று கிரேக்க அரசுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போரைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, எந்த நாட்டுடையது என்று தெரியவில்லை என்றே வெளியில் சொன்னார்கள். பொதுமக்கள் யாரும் அதை நம்பவில்லை. இரண்டரை மாதங்களில், அக்டோபர் 28 அன்று, இத்தாலி படையெடுத்தே வந்துவிட்டது. உலகப்போர் முடிந்த பிறகு, இழப்பீடாக இத்தாலி தன்னுடைய போர்க்கப்பல் ஒன்றைக் கொடுத்தது. கிரேக்கர்கள் அதற்கும் எல்லி என்றே பெயர் வைத்தார்கள்.

அன்றிலிருந்து ஆகஸ்ட் 15 இந்த ஊரில் திருநாளும் நினைவுநாளும் சேர்ந்த ஒன்று. படத்தை மாலுமிகள் தோளில் சுமந்து கோயிலிலிருந்து துறைமுகம்வரை கொண்டுவருவார்கள். வழியில் மக்கள் தெருவிலேயே வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள், படம் அவர்கள் மேலாகக் கடந்து போகும். நாடெங்கிலும் இருந்து ரோமா (ஜிப்சி) மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கோயிலைச் சுற்றித் தங்குவார்கள். மந்திரிகள் வருவார்கள், கடற்படை அணிவகுக்கும், எல்லி மூழ்கிய இடத்தில் மலர்வளையம் விடுவார்கள். 1915-ல் மன்னர் கான்ஸ்டன்டைன் நோயில் கிடந்தபோது இந்தப் படத்தையே கப்பலேற்றி ஏதென்ஸுக்குக் கொண்டுபோனதும் உண்டு. அரசும் ராணுவமும் இந்த மாதாவை விட்டதே இல்லை. இருந்தாலும் இந்தக் கோயிலை நிலைநிறுத்தி வைத்திருப்பது அவர்கள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொலைக்காட்சிக் கேமராக்கள் இல்லாத ஒரு ஜூன் மாத வேலைநாளில், தேய்ந்த கம்பளத்தின் மேல் ஒரு தாய் ஏறிக்கொண்டிருந்தார். இந்த ஊர் அவரால்தான் யாத்திரைத் தலம்.

இந்தத் தீவுக்குக் குணம் தேடி வருவது கிறிஸ்தவத்தோடு தொடங்கியதும் இல்லை. ஊருக்கு மேற்கே கியோனியா கடற்கரையில் கடல்தெய்வம் பொசைடனின் கோயில் இடிபாடுகள் கிடக்கின்றன. மற்ற இடங்களில் பூகம்பமும் புயலும் அனுப்புகிற பொசைடனை இங்கே வைத்தியராக வணங்கியிருக்கிறார்கள். இன்னொரு விஷயம், கிரேக்கர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்றாலும், இந்தத் தீவில் கத்தோலிக்கர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 1715 வரை இது இத்தாலியக் கத்தோலிக்க நகர அரசான வெனிஸின் கையில் இருந்ததுதான் காரணம். உள்நாட்டுக் கிராமங்களில் ஒன்று ஆர்த்தடாக்ஸ் என்றால் அடுத்தது கத்தோலிக்கம், இரண்டும் கலந்தவையும் உண்டு.

சரி, இத்தனை காணிக்கையும் எங்கே போகிறது? எங்கும் எழும் கேள்விதான், நானும் தேடிப் படித்தேன். கோயிலை நடத்துவது ஒரு அறக்கட்டளை. பள்ளி, மருத்துவம், ஏழைகளுக்கான உதவி எல்லாம் அதன் வழியாகப் போகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பணத்தில் தீவின் பிள்ளைகளை ஓவியமும் சிற்பமும் படிக்க ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தினோஸில் பிறந்த நிக்கோலாவோஸ் யீசிஸ் அப்படி 1865-ல் ம்யூனிக் போனவர். அங்கேயே பேராசிரியராகி, கிரேக்க ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானார். யாரோ ஒரு தாய் தன் மகனின் காய்ச்சல் தீர்ந்ததற்குக் கழற்றிக் கொடுத்த வளையல், இன்னொரு தாயின் மகனுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இன்னொருவரும் அதே உதவியில் ம்யூனிக் போனார். யானூலிஸ் ஹலெபாஸ். இவருக்காகவே நாங்கள் தீவின் வடக்கே இருக்கும் பிர்கோஸ் கிராமத்துக்குப் பேருந்து ஏறினோம். பிர்கோஸ் பளிங்குக்காரர்களின் ஊர். வாசற்படி, ஜன்னலுக்கு மேல் அரைவட்டப் பலகை, பேருந்து நிறுத்தம்கூடப் பளிங்கு. தினோஸின் பளிங்குக் கைவினையை 2015-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஹலெபாஸ் 1851-ல் இங்கே ஒரு பளிங்குச் சிற்பியின் வீட்டில் பிறந்தார். ம்யூனிக்கில் பரிசுகள் வாங்கிக்கொண்டிருந்தபோதே உதவித்தொகை நின்றுபோனது, ஊர் திரும்பினார். ஏதென்ஸ் முதலாவது கல்லறைத் தோட்டத்தில், இளம்வயதில் இறந்த ஒரு பெண்ணின் சமாதிக்காகத் தூங்கும் பெண் சிலை ஒன்றைச் செதுக்கினார். இன்றும் மக்கள் அதைப் பார்க்கவே அங்கே போகிறார்கள். அப்போது அவருக்கு 27 வயதுகூட ஆகவில்லை. 1878-ல் மனம் பிசகியது. செய்த சிலைகளைத் தானே உடைத்தார். 1888-லிருந்து 1902 வரை கோர்ஃபூ தீவின் மனநலக் காப்பகத்தில் கிடந்தார்.

அப்பா இறந்த பிறகு ஹலெபாஸின் அம்மா அவரை பிர்கோஸுக்கு அழைத்துவந்தார். மகனைக் கெடுத்தது சிற்பம்தான் என்பது அந்தத் தாயின் உறுதியான முடிவு. மகன் களிமண்ணில் எதைச் செய்தாலும் அழித்துவிடுவார். ஹலெபாஸ் ஆடு மேய்த்தார். 1916-ல் அவருடைய அம்மா இறந்தார். அதற்குப் பிறகு, 65 வயதில், கருவிகூடச் சரியாக இல்லாமல் மறுபடி களிமண்ணைக் கையில் எடுத்தார். இந்த இரண்டாவது காலத்தில் அவர் செய்தவை ம்யூனிக் மாணவனின் மெருகேறிய உருவங்கள் இல்லை. கரடுமுரடாக, விரல் தடம் தெரிய, ஒன்றின் தோளிலிருந்து இன்னொன்று முளைப்பதுபோல இருக்கின்றன. எனக்கு இவைதான் பெரிதாகத் தெரிகின்றன. 1927-ல் ஏதென்ஸ் அகாடமி அவருக்கு விருது கொடுத்தது. 1938-ல் இறந்தார்.

அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். சின்ன அறைகள், கட்டில், அடுப்பு. கதையைச் சொல்லி முடித்தபோது அந்தத் தாயை என் அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பாவம், அந்தம்மாவுக்கு வேற என்ன தெரியும். பிள்ளை நல்லா இருந்தா போதும்னுதானே பாத்திருக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உடைச்சிருக்கக் கூடாது" என்றார். வெளியே வந்து ஊர் நடுவே பெரிய மரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அந்தத் தாயும் ஒருநாள் அந்த ஏற்றத் தெருவில் முழங்காலிட்டிருப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தினோஸ்காரர், மகன் காப்பகத்தில். போகாமல் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மிக்கோனோஸிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அது போதாது. இரவு தங்குங்கள், கெக்ரோவூனி மடத்துக்கும் பிர்கோஸுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குங்கள். மடம் ஒரு சின்ன வெள்ளைக் கிராமம்போல இருக்கும், பெலாயியா இருந்த சிற்றறையைப் பார்க்கலாம். ஆகஸ்ட் 15-க்குத்தான் போக வேண்டும் என்றால் அறையை வெகு முன்னதாகவே பிடித்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போவதென்றால் அந்த நாள் வேண்டாம். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தேமி காற்று பலமாக இருந்தால் படகுகள் ஓடாது, அதனால் திரும்பும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு நாளாவது விட்டுவையுங்கள். பேருந்து துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது, கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.